கலப்புக் கவசப்படையும் அதன் நவீனமயமாக்கமும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

படைக்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி படைத்துறையினர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பீரங்கியின் விட்டத்தையும் கவசத்தின் தடிப்பையும் அறிந்து சமூகவியல் மாணவனுக்கு ஆவதென்ன என்ற வினா எழுவதும் இயல்பே. ஆயின் ஒரு நாட்டின் படை எவ்வகை ஊர்திகளைக் கொண்டுள்ளது, அவற்றை யாரிடமிருந்து பெற்றது, எதைக் கொடுத்துப் பெற்றது என்பன வெறும் தொழில்நுட்ப வினாக்கள் அல்ல. அவை பொருளியல் வினாக்கள், அரசியல் வினாக்கள். ஆதலின் அவை குடிமக்கள் அனைவரும் கேட்டற்குரியவை.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் அப்புத்தளையைக் கடந்ததும் தியத்தலாவையை அடைகின்றது. தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ 5000 பேரைப் பிரித்தானியர் 1900 ஆம் ஆண்டு தொடக்கம் அடைத்து வைத்திருந்த இடம் அது. சுதந்திரத்தின் பின்னர் 1950 இல் அங்கே இராணுவப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. 1981 இல் அது இலங்கை இராணுவக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. படை அதிகாரிகள் உருவாகும் அவ்வூரைச் சூழ்ந்து நிற்பன தேயிலைத் தோட்டங்கள். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஆலி எலை, பசறை, லுணுகலை என விரியும் அம்மலைச் சரிவுகளில் யுத்தத் தாங்கி ஓடியதில்லை, ஓடவும் இயலாது. ஆயினும் தாங்கியின் விலையில் ஒரு பங்கு இச்சரிவுகளிற் பறிக்கப்பட்ட கொழுந்திலிருந்து வந்தது. இத்தொடர்பினை மனங்கொண்டு, இலங்கை இராணுவத்தின் கலப்புக் கவசப்படை எவ்வாறு உருவாயிற்று, அதனை நவீனப்படுத்தல் என்பதன் பொருள் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாங்கியின் இயல்பு

தாங்கி முதன்முதலாகப் போர்க்களத்தில் இறக்கப்பட்டது 1916 செப்டெம்பர் 15 ஆம் நாள், பிரான்சின் சொம் களத்திலாகும். பதுங்குகுழிகளும் முட்கம்பிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் காலாட்படையை முடக்கிய நிலையில், அம்முடக்கத்தை உடைக்கும் கருவியாக அது தோன்றிற்று. அன்று தொடக்கம் தாங்கியை வடிவமைப்போர் மூன்று பண்புகளை ஒருங்கே வேண்டி நிற்கின்றனர். சுடுதிறன், காப்பு, நகர்திறன் என்பனவே அவை. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன. காப்பைக் கூட்டினால் எடை கூடும்; எடை கூடினால் நகர்திறன் குன்றும்; நகர்திறனை மீட்க வலிய எஞ்சின் வேண்டும்; வலிய எஞ்சின் எரிபொருளையும் இடத்தையும் வேண்டும். எனவே ஒவ்வொரு தாங்கியும் இம்மூன்றுக்கும் இடையில் எய்தப்பட்ட ஒரு சமரசமே எனலாம்.

இலங்கை இராணுவத்தின் முதன்மைத் தாங்கியாகிய ரி-55 ஐ எடுத்துக் கொள்வோம். சோவியத் நாட்டில் 1958 இல் உற்பத்தி தொடங்கப்பெற்ற இதன் எடை 36 தொன்; பீரங்கியின் விட்டம் 100 மில்லிமீற்றர்; டீசல் எஞ்சினின் வலு 580 குதிரைவலு; உள்ளே இருப்போர் நால்வர்; ஏற்றிச் செல்லும் எறிகணைகள் 43. தன் முன்னோடியான ரி-54 உடன் சேர்த்து நோக்கினால், உலகில் மிகக் கூடுதலான எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்ட தாங்கி வரிசை இதுவே. போலந்திலும் செக்கோசிலோவாக்கியாவிலும் இது உற்பத்தியாயிற்று. எளிமையும் உறுதியும் மலிவும் இதன் சிறப்புகள். வறிய நாடுகள் பல இதனை நாடியமைக்குக் காரணமும் அவையே.

கலப்புத் தொகுதி என்பது, ஒரே பணிக்குரிய ஊர்திகள் வெவ்வேறு நாடுகளிலும் வெவ்வேறு காலங்களிலும் வெவ்வேறு அளவைகளிலும் ஆக்கப்பட்டு ஒரே படையில் அருகருகே நிற்கும் நிலையாகும். இந்நிலை திட்டமிட்டு ஏற்படுவதன்று. ஒவ்வொரு நெருக்கடியிலும் கை நீட்டிய நாடு எதுவோ, அதன் ஊர்தி வந்து சேர்கின்றது. ஆகையால் ஒரு சிறிய நாட்டின் ஊர்திக் கொட்டகையைப் பார்வையிடுபவன் அந்நாட்டின் வெளியுறவு வரலாற்றையே இரும்பில் காண்கின்றான்.

இலங்கையிற் கலப்பு வளர்ந்த முறை

இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10 ஆம் நாள் தோற்றம் பெற்றது. 1947 இல் பிரித்தானியாவுடன் செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் நிழலிலேயே அது வளர்ந்தது. கவசப்படைக்கு 1955 இல் வேவுப் பிரிவொன்றாக வித்திடப்பட்டது. அதன் ஊர்திகள் அனைத்தும் பிரித்தானியாவினுடையவை. டெய்ம்லர் கவச வாகனங்களும், பின்னர் நான்கு தொன் அளவினதான பெரற்றும், ஆறு சக்கரங்களில் 76 மில்லிமீற்றர் பீரங்கியைச் சுமந்த சலடினும் அதன் கருவிகளாயின. இவை தாங்கிகள் அல்ல. சாலைகளில் விரைந்தோடும் சக்கர ஊர்திகள். அந்நிய நாட்டின் படையெடுப்பை எதிர்ப்பதற்கன்றி, உள்நாட்டில் ஒழுங்கைக் காப்பதற்கே அவை ஏற்றவை. அக்காலக் கவசப்படையில் கலப்பு இல்லை. குடியேற்ற ஆட்சி விட்டுச் சென்ற ஒருமைப்பாடு அதில் இருந்தது எனலாம்.

இவ்வொருமையைக் குலைத்த முதல் நிகழ்ச்சி ஊவாவிலேயே தொடங்கிற்று. 1971 ஏப்ரல் 5 ஆம் நாள் அதிகாலையில், குறித்த நேரத்துக்கு முன்னதாகவே, வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி அவ்வாறு வெளிப்பட்டது. சில ஆயிரம் பேரைக் கொண்ட சிறிய படை திகைத்து நின்ற வேளையில் அரசு உலகெங்கும் உதவி கோரிற்று. பிரித்தானியா, இந்தியா, பாகிஸ்தான், ஐக்கிய அமெரிக்கா, யூகோசிலாவியா, சோவியத் ஒன்றியம் எனத் தம்முள் முரண்பட்ட நாடுகள் யாவும் உதவ முன்வந்தன. சோவியத் ஒன்றியம் போர் விமானங்களுடன் பி.ரி.ஆர்-152 என்னும் கவசத் துருப்புக்காவிகளையும் வழங்கிற்று. அன்றுமுதல் பிரித்தானிய அங்குல அளவையில் ஆன திருகாணிகளும் சோவியத் மெற்றிக் அளவையில் ஆன திருகாணிகளும் ஒரே தொழிற்கூடத்தில் அருகருகே இடம்பெற்றன. அணிசேராக் கொள்கை படையின் கருவிப் பெட்டிக்குள்ளும் புகுந்தது.

1983 இன் பின் உள்நாட்டுப் போர் விரிந்தபோது கலப்பு மேலும் பெருகிற்று. கண்ணிவெடிகளை எதிர்கொள்ளத் தென்னாபிரிக்காவிலிருந்து பபல் என்னும் ஊர்தி தருவிக்கப்பட்டது. வெடியின் விசையைப் பக்கங்களுக்குச் சிதறச் செய்யும் ஆங்கில வி எழுத்து வடிவிலான அடித்தட்டு அதன் சிறப்பு. இன ஒதுக்கல் அரசின் தொழில்நுட்பம், குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடொன்றின் உள்நாட்டுப் போருக்கு உதவிற்று என்பதனை வரலாறு குறித்துக் கொள்ளும். சீனாவிலிருந்து தொடர்சக்கரத் துருப்புக்காவிகள் வந்தன. 1991 இல் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து ரி-55 தாங்கிகள் கொள்வனவு செய்யப்பட்டன. பனிப்போர் முடிந்து, வார்சோ உடன்படிக்கை கலைந்த அவ்வாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தாங்கிகள் மலிந்து கிடந்தமை இங்கு கருதத்தக்கது. பின்னர் 73 மில்லிமீற்றர் பீரங்கியுடைய பி.எம்.பி-1, 30 மில்லிமீற்றர் பீரங்கியுடைய பி.எம்.பி-2, எட்டுச் சக்கரங்களையுடைய பி.ரி.ஆர்-80 ஆகிய சோவியத் வடிவமைப்புகளும் சேர்ந்தன.

இத்தாங்கிகள் இயங்கிய களம் வடக்கின் சமதரையும் மணற்பரப்புமாகும். அக்களத்தில் எதிர்த்தரப்பிடம் தாங்கிப்படை இருக்கவில்லை. ரி-55 இன் 100 மில்லிமீற்றர் பீரங்கி பகைத் தாங்கியைத் துளைப்பதற்கென ஆக்கப்பட்டதெனினும், இங்கு அது மண்ணரண்களையும் கட்டடங்களையும் தகர்க்கவே பயன்பட்டது. அதற்கு நேர்ந்த ஆபத்தும் எதிரித் தாங்கியிலிருந்தன்று. தோளில் வைத்து ஏவப்படும் ரொக்கெட்டிலிருந்தும் நிலக்கண்ணியிலிருந்துமே வந்தது. 1993 நவம்பரில் பூநகரித் தளம் தாக்கப்பட்டபோது விடுதலைப் புலிகள் ரி-55 தாங்கிகளைக் கைப்பற்றினர். ஒரு தரப்பின் படைக்கலம் மறு தரப்பின் படைக்கலமானமை, தாங்கியின் வலிமை அதன் இரும்பில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பதனை உணர்த்திற்று.

கலப்பின் விலை

கலப்புத் தொகுதியால் விளையும் இடர் என்ன என்பதனை ஊவா மக்கள் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்தே எளிதில் உணரலாம். தோட்டத்து இஸ்டோரில் பெல்பாஸ்டு நகரின் சிறொக்கோ உலர்த்தி ஒருபுறம், கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் நிறுவனத்தார் ஆக்கிய உருட்டு இயந்திரம் ஒருபுறம், அண்மையில் வந்த வேற்றுநாட்டு இயந்திரம் ஒருபுறம் என இருப்பின், ஒவ்வொன்றுக்கும் வேறு உதிரிப்பாகம், வேறு பட்டி, வேறு தாங்குருளை வேண்டும். ஓர் உறுப்பு முறிந்தால் வாடவைத்த கொழுந்து காத்திராது, புளித்துக் கெடும். அதனைத் தடுப்பவன் அவ்வியந்திரங்களின் குணமறிந்த தொழிலாளியே. கிடங்கில் உள்ள உதிரிப்பாகமும் அவனது கைத்திறனும் இல்லையேல், எத்துணை விலையுயர்ந்த இயந்திரமும் வெறும் இரும்பே. படையின் நிலையும் இதுவே.

முதலாவது இடர் எறிகணை பற்றியது. 76, 100, 73, 30 மில்லிமீற்றர் என நால்வகை விட்டமுடைய பீரங்கிகள் ஒரு படையில் இருப்பின், நால்வகை எறிகணைகளைத் தனித்தனியே வாங்கவும் களஞ்சியப்படுத்தவும் களத்துக்குக் கொண்டு செல்லவும் வேண்டும். ஒருவகை தீர்ந்துவிட்டால் மற்றொருவகை அதற்கு ஈடாகாது. இரண்டாவது இடர் எரிபொருள் பற்றியது. பெரற், சலடின், பி.ரி.ஆர்-152 ஆகியன பெற்றோலில் இயங்குவன. ரி-55 உம் பி.எம்.பி வகைகளும் டீசலில் இயங்குவன. இரண்டும் செல்லும் அணிக்கு இரு தாங்கியூர்திகள் வேண்டும். பெற்றோல் எளிதில் தீப்பற்றுவதால் கவச வாகனத்துக்கு அது பொருந்தாது என்பதும் பட்டறிந்த உண்மை.

மூன்றாவது இடர் பயிற்சி பற்றியது. சலடினைச் செலுத்தப் பழகியவன் ரி-55 ஐச் செலுத்த மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டும். பழுது பார்ப்போன் நிலை இன்னும் கடினமானது. கைநூல்கள் வெவ்வேறு மொழிகளில் அமைந்திருக்கும். நான்காவது இடரே மிகப் பெரிது. உதிரிப்பாகம் வரும் நாடு ஒரு நாள் அதனை நிறுத்திவிடலாம். அல்லது அந்நாடே இல்லாமற் போகலாம். செக்கோசிலோவாக்கியா 1993 இன் தொடக்கத்தில் இரு நாடுகளாகப் பிரிந்தது. சோவியத் ஒன்றியம் 1991 இறுதியிற் கலைந்தது. 2022 இல் உக்ரேன் போர் தொடங்கிய பின் ரஷ்யாவுக்கு எதிரான பொருளாதாரத் தடைகள் பல நாடுகளின் உதிரிப்பாக வழிகளை இடர்ப்படுத்தின. வாங்கும்போது மலிவாக இருந்த தாங்கி, வைத்திருக்கும்போது விலையுயர்ந்ததாகின்றது.

நவீனப்படுத்தலின் மூன்று வழிகள்

பழைய கலப்புத் தொகுதியை உடைய படைகள் பொதுவாக மூன்று வழிகளுள் ஒன்றையோ பலவற்றையோ கைக்கொள்கின்றன. பழையவற்றை நீக்கிப் புதியன வாங்குதல் முதல் வழி. பழைய உடற்சட்டத்தில் புதிய பீரங்கி, எஞ்சின், குறிபார்க்கும் கருவி ஆகியவற்றைப் பொருத்துதல் இரண்டாம் வழி. வகைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எஞ்சியவற்றை வேறு பணிகளுக்கு மாற்றுதல் மூன்றாம் வழி.

முதல் வழியின் சிக்கலை நம் அண்டை நாடாகிய இந்தியாவிற் காணலாம். 1971 டிசம்பர்ப் போரின்போது இந்தியப் படையில் பிரித்தானியாவின் செஞ்சூரியன், பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்-13, சோவியத்தின் ரி-55, நீரிலும் நிலத்திலும் செல்லும் பி.ரி-76, அமெரிக்காவின் பழைய ஷெர்மன், சென்னையை அடுத்த ஆவடியில் உற்பத்தியான விஜயந்தா என ஆறு வகைகள் இருந்தன. விஜயந்தா, விக்கர்ஸ் நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டின்படி 1965 தொடக்கம் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது. பின்னர் அதே தொழிற்சாலையில் ரி-72 உம் ரி-90 உம் உற்பத்தியாயின. உள்நாட்டு வடிவமைப்பான அர்ஜுன் திட்டத்துக்கு 1974 இல் ஒப்புதல் கிடைத்தது. அது படையிற் சேர்ந்ததோ 2004 இல். முதலில் 124 ஊர்திகளும், 2021 இல் மேம்பட்ட வகையில் 118 ஊர்திகளும் கேட்கப்பட்டன.

அர்ஜுன் தமிழ்நாட்டின் பொறியியலாளரும் தொழிலாளரும் பெருமை கொள்ளத்தக்க ஆக்கமே. ஆயினும் அதன் பீரங்கி 120 மில்லிமீற்றர் விட்டமும் உட்புறத்திற் புரிவரிகளும் கொண்டது. ரி-72, ரி-90 ஆகியவற்றின் பீரங்கியோ 125 மில்லிமீற்றர் விட்டமுடைய வழுவழுப்பான குழாய். ஒன்றன் எறிகணை மற்றொன்றுக்குப் பொருந்தாது. அர்ஜுனில் நால்வர் வேண்டும். தானியங்கி நிரப்பியைக் கொண்ட மற்றவற்றில் மூவர் போதும். புதிய தாங்கி வந்தும் கலப்பு நீங்கவில்லை. கலப்பு புதுவடிவம் பெற்றது. பெருந்தொழில் வளமுடைய நாட்டுக்கே இவ்வாறெனின் சிறுநாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் வழியின் உட்பொருளையும் இந்தியாவே காட்டுகின்றது. ரி-55 தாங்கிகளின் 100 மில்லிமீற்றர் பீரங்கியை நீக்கி, விஜயந்தாவுக்குரிய 105 மில்லிமீற்றர் பீரங்கி பொருத்தப்பட்டது. இங்கு முதன்மையானது ஐந்து மில்லிமீற்றர் வேறுபாடு அன்று. இரு தாங்கிகளுக்கும் ஒரே எறிகணை என்பதே. பாகிஸ்தான், ரி-54 ஐத் தழுவிச் சீனாவில் ஆக்கப்பட்ட 59 ஆம் வகைத் தாங்கிகளுக்கு 125 மில்லிமீற்றர் பீரங்கியும் 730 குதிரைவலு எஞ்சினும் பொருத்தி அல்சரார் எனப் பெயரிட்டது. அதன் புதிய தாங்கிகளின் பீரங்கியும் அதே விட்டமுடையது. வங்காளதேசம் தன் 59 ஆம் வகைத் தாங்கிகளை இவ்வாறே மேம்படுத்தித் துர்ஜொய் என அழைக்கின்றது. சிலோவீனியா தன் ரி-55 தாங்கிகளை 105 மில்லிமீற்றர் பீரங்கியுடன் மேம்படுத்தி வைத்திருந்தது. அவற்றுள் 28 ஐ 2022 இல் உக்ரேனுக்கு வழங்கிற்று.

செக்கோசிலோவாக்கியாவே 1980 களில் ரி-55 க்கு ஒரு மேம்பாட்டை வகுத்தது. லேசர்க் கதிரால் தொலைவை அளக்கும் கருவி, அத்தொலைவையும் காற்றையும் கணித்துக் குறியைத் திருத்தும் கணினி, கோபுரத்தின் முகப்பில் மேலதிகக் கவசம், 620 குதிரைவலு எஞ்சின் ஆகியன அதன் கூறுகள். பழைய தாங்கியிற் சுடுபவன் கண்ணளவால் தொலைவை மதிப்பிட்டான். முதல் எறிகணை தவறினால் இரண்டாவதால் திருத்தினான். புதிய கருவி முதல் எறிகணையிலேயே குறியை அடையும் வாய்ப்பைப் பெருக்குகின்றது. நவீனப்படுத்தலில் கூடிய பயன் தருவது பெரும்பாலும் இக்கண்ணே, பீரங்கியன்று. ஆயின் எடை கூடுவதால் பாலங்களையும் கணக்கிற் கொள்ள வேண்டும். ஒரு நாட்டின் பாலங்கள் தாங்காத தாங்கி, அந்நாட்டுக்குரிய தாங்கியாகாது.

மூன்றாம் வழிக்கு இஸ்ரேலின் எடுத்துக்காட்டு நன்கு அறியப்பட்டது. அரபுப் படைகளிடமிருந்து கைப்பற்றிய ரி-54, ரி-55 தாங்கிகளின் கோபுரத்தை அகற்றி, எஞ்சினை மாற்றி, பின்புறத்தில் வாயில் அமைத்து, 44 தொன் எடையுள்ள அக்சரித் என்னும் துருப்புக்காவியாக அந்நாடு மாற்றிற்று. அக்கருவி எத்தகைய அரசியலுக்குப் பயன்பட்டது என்பது வேறு வினா; தொழில்நுட்ப அளவில், முதுமையடைந்த தாங்கிக்கும் பயனுண்டு என்பதனை அது காட்டுகின்றது. செக்கோசிலோவாக்கியாவில் அதே உடற்சட்டத்தில் பழுதுற்ற ஊர்திகளை இழுத்து மீட்கும் வி.ரி-55 உம், பாலமிடும் எம்.ரி-55 உம் ஆக்கப்பட்டன. இவை சுடுவதில்லை, ஆயின் போரிலும் சமாதானத்திலும் பயன்படுவன.

இலங்கைக்குப் பொருந்துவது எது?

நவீனப்படுத்தலின் முதல் வினா எதை வாங்குவது என்பதன்று. எந்த ஆபத்தை எதிர்நோக்குகின்றோம் என்பதே. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. இலங்கை ஒரு தீவு. தாங்கிப்படை கடந்து வரத்தக்க நில எல்லை அதற்கு இல்லை. ஆகவே தாங்கிக்குத் தாங்கி எதிர்நிற்கும் போர் இங்கு நிகழுமென எண்ணுவதற்குக் காரணம் அரிது. இத்தகைய நாடு பெருந்தொகைச் செலவில் புதிய தாங்கிகளை வாங்குமாயின், அவை யாருக்கு எதிராக நிறுத்தப்படும் என்ற வினா எழும். வெளியிற் பகைவனைக் காணாத தாங்கி உள்ளே திரும்பும் என்பது மூன்றாம் உலக நாடுகள் பலவற்றின் அனுபவம்.

பொருளாதார நிலையும் இதனையே வற்புறுத்துகின்றது. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில், 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணி எண்ணிக்கையை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சுத் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. ஆளணி குறையும் படையில் ஊர்தி வகைகளும் குறைதல் தர்க்கமுறையான அடுத்த படியாகும். பெற்றோல் எஞ்சின் ஊர்திகளை நீக்கி ஒரே எரிபொருளுக்கு மாறுதல், பீரங்கி விட்டங்களை இரண்டாகச் சுருக்குதல், மிகைத் தாங்கிகளைப் பிரித்து உதிரிப்பாகங்களாகப் பேணுதல், சில உடற்சட்டங்களை மீட்பூர்திகளாகவும் பாலமிடும் ஊர்திகளாகவும் மாற்றுதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை.

இதற்கு வேண்டிய உள்நாட்டுத் திறன் முற்றாக இல்லாத ஒன்றன்று. தென்னாபிரிக்கப் பபலின் அனுபவத்திலிருந்து யுனிகோன், யுனிபபல் ஆகிய ஊர்திகளை இலங்கை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியற் படையணி உள்நாட்டிலேயே ஆக்கிற்று. வெளியிலிருந்து வந்த வடிவத்தை உள்நாட்டு உறுப்புகளுக்கேற்ப மாற்றியமைக்கும் இக்கைத்திறனே உண்மையான நவீனமயமாக்கம் எனக் கொள்ளத்தக்கது. போருக்கென வளர்ந்த அத்திறன் சமாதான காலத்தில் எதற்கெனத் திருப்பப்படும் என்பதே இன்றைய வினா.

ஊவாவின் வினா

இவ்வினாவுக்கு ஊவா தன் அனுபவத்திலிருந்தே விடை கூறவல்லது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது, மக்கள் குடியமர்த்தப்படவில்லை. மீட்புக்கு அழைக்கப்பட்டோருள் இராணுவத்தினரும் இருந்தனர். அச்சேற்றில் வேண்டப்பட்டது பீரங்கியன்று; மண்ணகற்றும் பொறியும், வழியமைக்கும் ஊர்தியும், இடிந்த பாலத்துக்கு மாற்றுப் பாலமுமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தில் இதே பாடத்தை மீண்டும் புகட்டின. இம்மலைநாட்டு மக்களைப் பொறுத்தவரை ஆபத்து என்பது எல்லைக்கு அப்பாலிருந்து வருவதன்று. லயத்தின் பின்புறத்து மலையிலிருந்து வருவது.

இனி, விலை செலுத்தியவர் யார் என்பதனை நோக்குவோம். 1960 களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்தே கிடைத்தது. 1980 களின் நடுப்பகுதியில் ஆடைத்துறை முந்தும் வரை தேயிலையே முதலிடம் வகித்தது. படைக்கலம் வெளிநாட்டிலிருந்து வாங்கப்படுவது. அதற்கு வேண்டியது அந்நியச் செலாவணி. அதனை ஈட்டியது தோட்டத் தொழிலாளரின் உழைப்பு. பெருந்தோட்டப் பயிரைக் கொடுத்து இன்றியமையாப் பொருளைப் பெறுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1952 இல் சீனாவுக்கு றப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றோம். 2021 டிசம்பரில், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான கடனை மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்க்க உடன்பட்டோம். இவ்விரு உடன்பாடுகளிலும் கொடுத்ததும் பெற்றதும் வெளிப்படையாகத் தெரிந்தன. படைக்கலக் கொள்வனவில் அத்தொடர்பு வரவுசெலவுத் திட்டத்தின் எண்களுக்குள் மறைந்துவிடுகின்றது.

இதைவிட ஆழமான முரண்பாடொன்று உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பகிர்ந்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. ஆகவே 1955 இல் கவசப்படை தோன்றியபோதும், 1971 இல் அது பெருகியபோதும், அதற்கான செலாவணியை ஈட்டியோரிற் பெரும்பாலோர்க்கு அச்செலவு தகுமா எனக் கேட்கும் உரிமை சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது. விலையைச் செலுத்தியவர்கள் வாங்குவோர் பட்டியலில் இடம்பெறவில்லை.

ஊவாவின் மறு பாதியையும் மறத்தலாகாது. மொனராகலை முதலிய வறிய கிராமப்புற மாவட்டங்களின் சிங்கள இளைஞர் வேறு தொழிலின்மையாற் படையிற் சேர்ந்தனர். ஊவா மாகாணத்தின் மலைச்சரிவு செலாவணியை அளித்தது. அதன் சமவெளி புதல்வர்களை அளித்தது. மொழியால் வேறுபட்ட இவ்விரு வறிய மக்களும் ஒரே இயந்திரத்தின் இரு பற்சக்கரங்களாக இயக்கப்பட்டனர் எனலாம். ஒருவரையொருவர் பகைவராகக் கண்டமையால் அவ்வியந்திரத்தை இருவரும் காணாதிருந்தனர். 2000 ஒக்டோபரில் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவௌ முகாமில் தமிழ் இளைஞர் கொல்லப்பட்டமை அப்பகைமை எத்தகைய கொடுமைக்கு இட்டுச் செல்லும் என்பதற்குச் சான்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, கலப்புக் கவசப்படையின் சிக்கல் தொழில்நுட்பத்தின் சிக்கலாகத் தோன்றினும், அதன் வேர் சார்புநிலையிலேயே உள்ளது. நெருக்கடி தோறும் கடனாகவும் கொடையாகவும் பெற்ற கருவிகள் பலவகையாயின. பலவகையானமையால் அவற்றைப் பேணும் செலவு பெருகிற்று. செலவு பெருகியமையால் சார்பு மேலும் இறுகிற்று. இன்னொரு புதிய வகைத் தாங்கியை வாங்குவது இச்சுழலை நீட்டுமேயன்றி நீக்காது. வகைகளைக் குறைத்தல், உள்நாட்டுப் பொறியியல் திறனைப் பேணுதல், அத்திறனை மீட்புக்கும் பாலத்துக்கும் பாதைக்கும் திருப்புதல், செலவை மக்கள் மன்றத்தின் முன் வெளிப்படையாக வைத்தல் ஆகிய நான்குமே இந்நாட்டுக்கு ஏற்ற நவீனமயமாக்கம் ஆகும்.

2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்ததே பெருவெற்றியாகப் பேசப்பட்டது. அவ்வாயிரம் ரூபாய்க்குக் கொழுந்து பறித்தவர்களின் வாரிசுகள் இன்று வாக்குரிமை பெற்ற குடிமக்கள். அவர்களுட் சிலர் பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். தம் பாட்டன்மார் கேட்க இயலாத வினாவை, அதாவது எந்த ஆபத்தைத் தடுக்க எந்தக் கருவி, அதற்கு யார் உழைப்பு விலை என்பதனை, எண்களோடும் சான்றுகளோடும் கேட்பது அவர்கள் கடமையாகும். அக்கடமைக்கு இக்கட்டுரை ஒரு சிறு தொடக்கமாயின் அதுவே போதும்.